பதினேழாவது பலகை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். நன்றாக நடந்த வேலைகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒன்றுகூடச் சரியாக நினைவுக்கு வரவில்லை. சொதப்பியவை மட்டும் வரிசைகட்டி நின்றன. அவற்றில் பெரியது எதுவோ அதையே எழுதுகிறேன். ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது என் தலையில் வந்து விழுந்தது அது.

நான் முப்பது ஆண்டுகள் ஒரே வேலையைத்தான் செய்தேன். மெய்நிகர் இயந்திரம் என்று உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்கள். மற்றவர்கள் எழுதும் புரோகிராம்கள் நேராகக் கணினியில் ஓடாமல் நாம் செய்து தரும் இயந்திரத்துக்குள் ஓடும். அவற்றுக்கு நினைவகம் எடுத்துக் கொடுப்பதும், தேவை முடிந்ததைக் குப்பையாக அள்ளுவதும் நம் பொறுப்பு. கீழ்பென்னாத்தூரில் கடலை போடும் என் அண்ணனுக்கு ஒரு முறை இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப, இருக்கற மெஷினுக்குள்ள இல்லாத மெஷின் ஒண்ண வெச்சுதான் இத்தினி வருஷம் சம்பளம் வாங்கறியா?" என்றார். அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

அந்த இயந்திரத்தில் என் பங்கு சின்னது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமும் தன் நிலவரத்தை ஒரு பலகையில் எழுதி வைக்கும். எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது, எத்தனை முறை குப்பை அள்ளியது, அள்ளும்போது எவ்வளவு நேரம் நின்றது, இப்படி. பலகை என்று நாங்கள் சொல்வது, பல புரோகிராம்கள் பொதுவாகப் பார்க்கக்கூடிய பகிர்வு நினைவகத்தில் ஒரு துண்டு. தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் அடைவில், அதாவது ஃபோல்டரில், அது ஒரு சிறிய கோப்பாகத் தெரியும். புரோகிராமின் எண்தான் கோப்பின் பெயர். எழுதுகிறவர் எழுதிக்கொண்டே இருப்பார், கண்காணிக்கிறவர் எட்டிப் பார்த்துக்கொள்வார். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

ஒழுங்காக முடியும் புரோகிராம் தன் பலகையைத் தானே அழித்துவிட்டுப் போகும். திடீரென்று செத்துப்போனால் பலகை அப்படியே கிடக்கும். இப்படிக் கிடப்பவற்றைப் பெருக்கித் தள்ள நான் எட்டு வரி எழுதினேன். புதிதாகத் தொடங்கும் எந்த புரோகிராமும் முதலில் அந்த அடைவைப் பார்க்கும். ஒவ்வொரு பலகையின் எண்ணையும் சொல்லி, இந்த எண்ணில் யாராவது ஓடுகிறார்களா என்று இயங்குதளத்தைக் கேட்கும். இல்லை என்று பதில் வந்தால் பலகையை அழித்துவிடும். நாலு பலகை இருக்கும்போது எதற்கு நேரத்தை வீணடிப்பது என்று, பதினாறைத் தாண்டினால் மட்டும் பெருக்கும்படி வைத்தேன். அந்தப் பதினாறுக்காக அன்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அப்போது என் வேலையைச் சரிபார்த்தவர் எங்கள் குழுவின் மூத்தவர். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. தன் பெயர் எங்கேயும் வருவது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வெளியீட்டிலும் உழைத்தவர்கள் பட்டியல் ஒன்று போகும். அதிலிருந்து தன் பெயரை அவரே அடித்துவிடுவார். அவர் வாதாடவும் மாட்டார். ஒரே ஒரு கேள்வி எழுதுவார், நாம் பதில் எழுத வேண்டும், அவ்வளவுதான். என் எட்டு வரிக்குக் கீழே அவர் எழுதியது இது: "ஆள் கண்ணில் படவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமா?" நான் எழுதியது: "ஒரே கணினியில் ஓடுகிறவர் கண்ணில் படாமல் இருக்க வாய்ப்பே இல்லை." அவர் சரி என்று ஒப்புதல் கொடுத்தார். அந்தக் காலத்தில் நான் சொன்னது உண்மையும்கூட.

இருபது வருடம் அந்த எட்டு வரியும் ஒழுங்காக ஓடின. நான் சென்னையிலிருந்து திருவண்ணாமலைக் கிளைக்கு மாற்றல் வாங்கி வந்தேன். செங்கம் சாலையில், கீழே பாத்திரக்கடை, மேலே நாங்கள். ஒன்பது பேர். அதில் ஒருத்தி தேவகி. அடி அண்ணாமலைக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்திருந்தாள். நான் சொல்லவரும் சம்பவம் நடந்த மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவாக இருந்தது. அவளுடைய அப்பா கோபுர வாசலுக்குப் பக்கத்தில் செருப்பு பாதுகாக்கும் கடை வைத்திருக்கிறார்.

பௌர்ணமி அன்று பேருந்துகள் ஊருக்குள் வருவதில்லை. ஒவ்வொரு சாலையிலும் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையம் போடுவார்கள். கிரிவலம் சுற்றி முடித்தவர்களுக்கு, தங்கள் ஊர் வண்டி எந்த நிலையத்தில் நிற்கிறது என்று கைபேசியில் சொல்லும் ஒரு செயலி எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடையது. அதை ஓடவைப்பது எங்கள் கிளையின் வேலை, குறிப்பாகத் தேவகியின் வேலை.

செயலியின் பின்னால் ஓடும் புரோகிராம்கள் தனித்தனி கன்டெய்னர்களில் இருந்தன. நாங்கள் பெட்டி என்போம். ஒரு பெட்டிக்குள் இருப்பவர் இன்னொரு பெட்டிக்குள் இருப்பவரைப் பார்க்க முடியாது. எல்லாருடைய பலகைகளையும் ஒரே இடத்தில் பார்க்க வசதியாக, பலகை வைக்கும் அடைவை மட்டும் எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவாக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அந்த மாதப் பௌர்ணமி அன்று காலை தேவகி அதைச் செய்தாள். இரண்டு பெட்டிகளில் ஒரே எண் வந்து பலகைகள் மோதிக்கொள்ளக் கூடாது என்பதைக்கூட யோசித்து அதற்கும் வழி செய்திருந்தாள். நாலு பெட்டிகளை வைத்துச் சோதித்தாள். பத்து பெட்டிகளோடு காலை முழுவதும் ஓடியது. ஒரு குறையும் இல்லை.

மதியம் கூட்டம் ஏறியது. கூட்டத்துக்குத் தகுந்தபடி பெட்டிகளும் தாமாகக் கூடின. இரண்டரை மணிக்குத் திரையில் பெட்டிக்கு ஒன்றாகத் தெரிந்த புள்ளிகளில் பதினாறு ஒரே நேரத்தில் பச்சையிலிருந்து சிவப்பாயின. பலகைகளைக் காணாத கண்காணிப்பு புரோகிராம், அந்தப் பதினாறும் செத்துவிட்டதாக முடிவுகட்டி எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி ஓடவைத்தது. ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் எல்லாம் சிவப்பு. திரும்பப் பச்சை. திரும்பச் சிவப்பு. ஒவ்வொரு முறையும், வண்டி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கைபேசியில் வெறும் வட்டம் சுற்றியது.

சென்னையிலிருந்து எங்கள் மேலாளர் பாஸ்கர் காணொளியில் வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் அவரைத் தொலைபேசியில் வறுத்துக்கொண்டிருந்தார், அவர் அதை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

"இன்னிக்கு யார் என்ன மாத்தினீங்க?"

"நான்தான் சார்," என்றாள் தேவகி. "காலையில அடைவ பொதுவாக்கினேன். போன வாரம் நீங்க ஓகே பண்ணதுதான்."

"நீங்க டெஸ்ட் பண்ணியாச்சுன்னு சொன்னதாலதான் ஓகே பண்ணேன். பழையபடி மாத்துங்க. சாயந்தரம் ரிப்போர்ட் அனுப்புங்க, உங்க பேர்லயே."

பழையபடி மாற்ற எல்லாப் பெட்டிகளையும் ஒட்டுமொத்தமாக இறக்கி ஏற்ற வேண்டும். முக்கால் மணி நேரம் செயலி இருக்காது. சாலை முழுக்க ஆட்கள் நடந்துகொண்டிருக்கும் நேரம் அது.

இங்கே நான் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாஸ்கர் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க என்ன நினைக்கறீங்க?" என்றார். நான் ஒரு கோப்பைத் திறக்காமல், ஒரு பதிவைப் படிக்காமல், "காலையில மாத்தினதுதான் காரணமா இருக்கும்" என்றேன். தேவகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பார்வை இப்போது நினைத்தாலும் எனக்கு உறுத்துகிறது.

பாஸ்கர் வாடிக்கையாளரிடம் பேசப் போனார். கால் மணி நேரம் கிடைத்தது. தேவகி இறக்கி ஏற்றத் தயார் செய்துகொண்டே, சிவப்பாக இருந்த ஒரு பெட்டிக்குள் போய்ப் பார்த்தாள்.

"மேடம், இங்க வாங்களேன். இது சாகல. நல்லா ஓடிட்டு இருக்குது. கேக்கறவங்களுக்குப் பதில்கூட சொல்லிட்டு இருக்குது. பலகைதான் இல்ல."

"பலகை இல்லாம எப்படி ஓடும்?"

"இது தன்னோட பலகைல எழுதிட்டுதான் இருக்குது. ஆனா வெளிய இருந்து பாத்தா அடைவுல அந்தக் கோப்பே இல்ல. யாரோ அழிச்சிருக்காங்க."

பகிர்வு நினைவகத்தில் இப்படி நடக்கும். கோப்பின் பெயரை அழித்தாலும் ஏற்கெனவே அதில் எழுதிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருப்பார், படிக்கத்தான் யாராலும் முடியாது. இது எனக்கு அத்துப்படியான விஷயம். இருந்தும், அழித்தது யார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

செயலி நிஜத்தில் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தேவகி தன் அப்பாவைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள். கடையில் கூட்டம் நெரித்தது காதிலேயே தெரிந்தது.

"அப்பா, அங்க யாராச்சும் போன்ல பஸ் பாக்கறாங்களா? வருதா?"

"ஒரு நேரம் வருது, ஒரு நேரம் சுத்துது. சனங்க எங்கிட்ட வந்து கேக்கறாங்க, நான் என்ன பஸ் ஆபீசா வெச்சிருக்கேன்? இரு." அவர் கடையில் யாரிடமோ திரும்பிச் சத்தம் போட்டது கேட்டது. கடைக்கு ஒத்தாசைக்கு வந்திருந்த தேவகியின் மாமாதான் அது. காலையில் விட்ட செருப்புகளின் சொந்தக்காரர்களைக் காணவில்லை, அவற்றைக் கோணியில் கட்டி ஓரம் போட்டுவிட்டுப் புதியதை வைக்கலாமா என்று அவர் கேட்டிருக்கிறார்.

"ஆளக் காணோம்னா ஆளே இல்லைன்னு அர்த்தமா? பதினாலு கிலோமீட்டர் நடக்கறான். வழியில உக்காருவான், படுப்பான். டோக்கன் திரும்பி வந்துச்சா? வரல இல்ல? டோக்கன் அவன் கையில இருக்கற வரைக்கும் இந்த செருப்புக்கு ஆள் இருக்குது. எடுக்காத."

இருபது வருடத்துக்கு முன்பு இதே கேள்வியை எழுத்தில் பார்த்தவள் நான்.

ஒவ்வொன்றாகப் பொருந்தியது. பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமுக்குப் பக்கத்துப் பெட்டி கண்ணில் படாது. ஆனால் அடைவு இப்போது பொது, பலகைகள் மட்டும் கண்ணில் படும். பதினாறு வரை யாரும் பெருக்கவில்லை. பதினேழாவது பெட்டி திறந்ததும் என் எட்டு வரி விழித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக இயங்குதளத்தைக் கேட்டு, ஒருவரும் இல்லை என்று பதில் வாங்கி, உயிரோடு இருந்த பதினாறு பேரின் பலகைகளையும் சுத்தமாகத் துடைத்துவிட்டது. கண்காணிப்பு பதினாறு பேரையும் கொன்று திரும்பத் தொடங்க, எண்ணிக்கை ஏறி, பதினேழாவது வரும்போது மறுபடியும் அதே கதை. தேவகி நாலு பெட்டிகளில் சோதித்ததில் தப்பே இல்லை. என் பதினாறு அவளுக்குத் தெரிய வழியும் இல்லை, நான் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

நான் எழுந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நிரப்பினேன். அது ஏற்கெனவே பாதிக்குமேல் நிறைந்துதான் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், செங்கம் சாலையில் மஞ்சள் பையோடு குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதத்தில் எனக்குப் பிரிவுபசாரம். என்ன பேசுவார்கள் என்றுகூடத் தெரியும்: மேடம் எழுதிய ஒரு வரியில்கூட இதுவரை குறை வந்ததில்லை. அந்தப் பழைய மறுஆய்வுப் பதிவுகள் காப்பகத்தில் இருக்கின்றன, யாரும் தோண்டப்போவதில்லை. "அடைவைப் பொதுவாக்கியது இயந்திரத்தோடு ஒத்துப்போகவில்லை" என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும், அதில் பொய்யும் இருக்காது. தேவகியின் வேலை மட்டும் போகும். இதையெல்லாம் நான் நினைத்தேன். நினைக்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

திரும்பி வந்தபோது பாஸ்கர் திரையில் இருந்தார். "இறக்கலாமா?" என்றார்.

"இறக்க வேணாம்," என்றேன். "கண்காணிப்பு தானா பெட்டிகள நிறுத்தித் திரும்ப ஓடவிடுது பாருங்க, அத மட்டும் நிறுத்திடலாம்."

"இந்தக் கூட்டத்துலயா? கண்ணக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டச் சொல்றீங்களா மேடம்?"

"பெட்டி எல்லாம் நல்லாதான் இருக்குது பாஸ்கர். இந்தக் கண்காணிப்புதான் நல்லா இருக்கறவங்களக் கொன்னுட்டு இருக்குது. பலகைய அழிக்கறது நான் எழுதின பழைய கோடிங். தேவகி பண்ணதுல தப்பில்ல. நான்தான் பாக்காமயே அவ மேல சொல்லிட்டேன்."

"நிறுத்தினப்பறம் நிஜமாவே ஒண்ணு செத்துச்சுன்னா?" என்றார் பாஸ்கர்.

"சாயந்தரம் வரைக்கும் நானும் தேவகியும் கையால பாத்துக்கறோம். தப்பாச்சுன்னா என் பேர எழுதிக்கங்க."

தேவகி நிறுத்தினாள். திரையில் பதினெட்டு புள்ளிகளும் ஒவ்வொரு விதமாக, சில சிவப்பாக, சில பச்சையாக, உறைந்து நின்றன. அதற்குமேல் திரையைப் பார்த்துப் பயனில்லை. ஒவ்வொரு பெட்டியாக உள்ளே போய்ப் பார்த்தோம். இடையிடையே அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். நாலாவது முறை அவர், "ஏம்மா, நான் யாவாரம் பாக்கறதா, உனக்கு போன் எடுக்கறதா? வருது. இப்ப சுத்தறதில்ல. போளூர் பஸ் எங்க நிக்குதுன்னு இப்பதான் ஒரு அம்மா பாத்துட்டுப் போச்சு" என்று அலுத்துக்கொண்டார். என் முப்பது வருட வேலையில் அதைவிட நல்ல நிலவர அறிக்கையை நான் படித்ததில்லை.

ஆறு மணிக்குப் பாஸ்கர் கேட்ட அறிக்கையை நானே எழுதினேன். காப்பகத்திலிருந்து அந்தக் கேள்வியையும் என் பதிலையும் எடுத்து அப்படியே ஒட்டினேன். அனுப்பிய பிறகு நன்றாகப் பசித்தது. கீழே போய் நானும் தேவகியும் ஆளுக்கு இரண்டு போண்டா சாப்பிட்டோம். "சாரி தேவகி" என்றேன். "விடுங்க மேடம், போண்டா ஆறிடும்" என்றாள்.

திருத்தத்தையும் அவளே எழுதினாள். அவளுடைய திருத்தத்தில் யாரும் ஆளைத் தேடுவதில்லை. ஒவ்வொரு புரோகிராமும் தன் பலகையின் மேல் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெருக்க வருகிறவர் அந்தப் பூட்டைத் தான் வாங்க முடிகிறதா என்று முயன்று பார்ப்பார். கிடைக்கவில்லை என்றால் பலகைக்கு ஆள் இருக்கிறது. மறுஆய்வில் நான் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "பிடித்திருப்பவர் திடீரென்று செத்தால்?" இயங்குதளமே பூட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று பதில் எழுதியதோடு விடாமல், புரோகிராம்களை விதவிதமாகக் கொன்று பார்த்த பதிவையும் அவள் கூடவே இணைத்திருந்தாள். பதினாறையும் எடுத்துவிட்டாள். மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக்கினார்கள்.

அடுத்த பௌர்ணமிக்கு நானும் கிரிவலம் போனேன். காலையில் தேவகியின் அப்பா கடையில் செருப்பை விட்டு, சுற்றி முடித்து மதியம் வந்து பார்த்தால் டோக்கனைக் காணவில்லை. கைப்பையைக் கவிழ்த்துத் தேடினேன். "உங்கள எனக்குத் தெரியும்மா, ஆனா டோக்கன் இல்லாம எடுத்துத் தர முடியாது. கூட்டம் கொறையட்டும், கடைசியில மிச்சம் இருக்கறதுல பாக்கலாம். உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலைப் போட்டார். அவர் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. மறுப்புச் சொல்லும் தகுதியும் இல்லை.

உட்கார்ந்திருந்த நேரத்தில், பல நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒன்றைச் செய்தேன். எங்கள் மூத்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இப்போது அவர் மகள் வீட்டில் இருக்கிறார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நான் அப்போதே கேட்டேனே என்று ஒரு வார்த்தை சொல்வார், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் இருந்தேன்.

"அப்படி ஒண்ணு கேட்டேனா? ஞாபகமே இல்லம்மா," என்றார். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"இல்ல சார். நிரந்தரம் ஆயிடுச்சு. திருத்தமும் அவளோடதுதான்."

"ரிப்போர்ட்ல யார் பேர் இருக்குது?"

"என் பேர்தான் சார்."

"கேள்வி கேட்டுட்டு, நீ சொன்ன பதிலுக்கு சரின்னு ஒப்புதல் குடுத்தது யாரு?"

"நீங்கதான் சார்."

"அப்ப என் பேரையும் எழுதும்மா."

மறுநாள் காலை முதல் வேலையாக அதைச் செய்தேன். எந்தப் பட்டியலிலும் தன் பெயரை விட்டுவைக்காத அந்த மனிதரின் பெயர் எங்கள் நிறுவனத்தின் ஆவணங்களில் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது, என் பெயருக்குக் கீழே. உங்களுக்குக் கொடுத்திருக்கும் கோப்புகளில் அந்த அறிக்கையும் உண்டு, படித்துக்கொள்ளுங்கள். செருப்பு கிரிவலத்தன்று மாலையே கிடைத்துவிட்டது. டோக்கன் என் புடவை முடிச்சில்தான் இருந்திருக்கிறது.